காலஞ்சென்றவர் நேரில் வரவும்

ஹோல்ஸ்ஃபெல்டன் சிற்றரசின் பிரபுவுக்குக் காலையில் தலைமுடிக்கு வெள்ளை மாவு பூசும்போது யாராவது புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி வாசிக்கப்பட்டது ஒரு தத்துவப் பேராசிரியரின் புத்தகம். நரகத்துக்குப் பயந்து செய்கிற நன்மை நன்மையே அல்ல, அது வியாபாரம். தன் அறிவு சொல்லித் தானாகச் செய்வதுதான் ஒழுக்கம். ஒருவன் எதை நம்புகிறான் என்பதில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது. நானூறு பக்கத்தின் சாரம் இவ்வளவுதான். கேட்டுப் பிரபு உருகிப்போனார். அரசாங்கம் மூக்கை நுழைக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்று உடனே ஓர் அரசாங்க அலுவலகத்தைத் திறந்தார்.

அதன் பெயர் மனச்சாட்சிச் சுதந்திர மன்றம். பதினேழு பேர் அதில் வேலை பார்த்தார்கள். குடிமக்கள் ஒவ்வொருவரும் தத்தம் மதத்தைச் சுயவிருப்பத்தோடு தேர்ந்தெடுத்து, மன்றத்துக்கு நேரில் வந்து, யாரும் தன்னை வற்புறுத்தவில்லை என்று எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டு நாளுக்குள் வராதவர்களைக் காவலர்கள் வீட்டுக்கே போய் இழுத்துவந்து சுயமாகத் தேர்ந்தெடுக்க வைத்தார்கள்.

வால்புர்கா ஷ்ராப் முதல் வாரத்திலேயே போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டாள். ஞானஸ்நானம் பெற்ற லூத்தர் சபையையே அவள் மறுபடி தேர்ந்தெடுத்தாள். அவளுக்கு அப்போது ஐம்பதை எட்டும் வயது. புருஷன் போய்ப் பத்து வருடம். சந்தையில் பீப்பாயில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் விற்றுப் பிழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. யாரிடமும் வம்புக்குப் போகமாட்டாள். வந்த வம்பை வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசுவாள்.

ஜனவரி மாதம், பனி முழங்கால் வரை கிடந்த ஒரு காலையில், குதிரைத் தபால் வண்டிக்காரன் காய்ச்சல்கார முதியவர் ஒருவரை ஊர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மற்றப் பயணிகளுக்குத் தொற்றிக்கொள்ளும் என்று பயம். முதியவர் ஒரு தோல்பையைக் கட்டிப்பிடித்தபடி சந்தை வரை நடந்து வந்தார். வால்புர்காவின் பீப்பாய்க்கு முன்னால் வந்ததும் ஏதோ கேட்க வாயைத் திறந்தவர், அப்படியே பீப்பாய் மேல் சாய்ந்து விழுந்தார்.

அவள் அவரைச் சறுக்குவண்டியில் போட்டு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டு யோஸ்ட் பின்னாலிருந்து தள்ளினான். யோஸ்ட் லூத்தர் சபைக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன். கட்டிலில் கிடத்திய பிறகு முதியவரைத் தொழில்முறையாக ஏற இறங்கப் பார்த்தான்.

"அஞ்சடி எட்டங்குலம் இருப்பாரு," என்றான்.

"வாயைக் கழுவுண்ணே!" என்றாள் வால்புர்கா.

முதியவர் ஒன்பது நாள் கிடந்தார். பெயர் பால்தசார் என்று மட்டும் சொன்னார். சுரம் இறங்கும்போதெல்லாம் பேச ஆசைப்படுவார். நாலாம் நாள் அவள் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"எனக்கு எதுக்கும்மா இவ்வளவு பண்றே? சொர்க்கத்துல இடம் கிடைக்கும்னா?"

"அங்க போய் நான் என்ன பண்ணப்போறேன்? முட்டைக்கோஸ் யாரு வாங்குவா? ஆ காட்டுங்க."

"அப்ப ஊர்ல நாலு பேரு நல்லவன்னு சொல்லணும்னா?"

"ஊர்ல நாலு பேரு, தொத்து வியாதிக்காரனை வீட்டுக்குள்ள விட்டவன்னு என்கிட்ட சரக்கு வாங்குறதையே நிறுத்திட்டாங்க."

"பின்னே ஏன்?"

வால்புர்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"நீங்க என் பீப்பா மேல விழுந்தீங்க," என்றாள்.

முதியவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இதைச் சொல்ல ஒருத்தன் எவ்வளவு பக்கம் வீணாக்கினான் தெரியுமா?" என்றார். வால்புர்காவுக்கு அது விளங்கவில்லை. சுரம் மறுபடி ஏறுகிறது போலும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு அவர் இறந்துபோனார்.

அவள் அவரைக் குளிப்பாட்டி, புருஷனுடைய நல்ல சட்டையை மாட்டி, விறகுக் கொட்டகையில் பலகை மேல் கிடத்தினாள். பிறகு யோஸ்டிடம் போனாள்.

"குழி வெட்டுறதுக்கு என்ன, வெட்டிருவேன்," என்றான் யோஸ்ட். "சீட்டு எங்கே?"

"அவரு வெளியூர்க்காரருண்ணே."

"செத்தது உள்ளூர்ல இல்லே? சீட்டில்லாம ஒரு பிடி மண்ணைத் தள்ளினாலும் என் வேலை போயிரும், வால்புர்கா. போதகர்கிட்ட கேட்டுப் பாரு."

தலைமைப் போதகர் மூஸ்லர் பருமனான மனிதர். கணப்புக்கு அருகில் காலை நீட்டிக்கொண்டு, அவள் சொன்னதையெல்லாம் பரிவோடு கேட்டார்.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கே மகளே. ஆனா அவரு நம்ம சபைதான்னு எப்படிச் சொல்றே?"

"தெரியலீங்க போதகரய்யா. எந்தச் சபைன்னு ஒரு நாள் கேட்டேன். இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்னு சொன்னாரு."

போதகர் காலை மடக்கிக்கொண்டார். "யோசிச்சாரா? அந்த வயசுலயா?" "பாரு, நம்ம தோட்டத்துல இருநூறு வருஷமா நிம்மதியாத் தூங்குறாங்க. நடுவுல கொண்டுபோய் யோசிக்கிற ஆளைப் படுக்கவெச்சா அவங்க கதி என்ன?"

கத்தோலிக்கக் குருவும் சீட்டுத்தான் கேட்டார். யூதர்களின் கல்லறைக் காவலர் ஒருவர்தான் அவளை உட்காரவைத்து, குடிக்கச் சூடாகக் கொடுத்து, முழுதும் கேட்டார். "அம்மா, எங்க ஆளுங்களுக்கே இங்க மண்ணு கிடைக்க நூறு வருஷம் ஆச்சு. மன்றத்தைக் கேக்காம உன் ஆளை நாங்க உள்ள வெச்சா, அப்புறம் எங்க எல்லாரையும் சேர்த்து உள்ள வெச்சிருவாங்க," என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

ஆகவே வால்புர்கா மன்றத்துக்குப் போனாள்.

மன்றத் தலைவர் கவுன்சிலர் ஃபோன் எட்டெல்ஹாஃப் நாகரிகமான மனிதர். ஏழைகளை நிற்கவைத்துப் பேசுவது மனித கண்ணியத்துக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை. அதனால் அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அது வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்.

"அவர் மதம் என்னன்னு நீ சொல்ல முடியாதும்மா. நான் சொல்ல முடியாது. பிரபுவே சொல்ல முடியாது. அதுதான் சுதந்திரம். அவர்தான் நேர்ல வந்து சொல்லணும்."

"அவரு செத்துப்போயிட்டாருங்க ஐயா."

"அது அவரோட சொந்த விஷயம். அதுல மன்றம் தலையிடாது."

"வர முடியாதுங்களே!"

"வர முடியாதுன்னு நீ முடிவு பண்ணாதே," கவுன்சிலரின் குரல் கொஞ்சம் கண்டிப்பானது. "அடுத்தவனுக்காக நாம முடிவெடுக்கிறோம் பாரு, அங்கதான் கொடுங்கோன்மை ஆரம்பிக்குது. முறைப்படி அவருக்கு அழைப்பு போகும். மூணு தடவை. வர்றதும் வராததும் அவர் இஷ்டம்."

முதல் அழைப்பை எழுத்தர் நிக்கல் கொண்டுவந்தான். மூக்கு நுனி சிவந்த, கடமை தவறாத மனிதன். விறகுக் கொட்டகையில் தொப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்க அழைப்பை நிறுத்தி நிதானமாகப் பிணத்துக்கு வாசித்துக் காட்டினான். பிறகு விதிப்படி கால்மணி நேரம் பதிலுக்காகக் காத்திருந்தான். குளிரில் அவன் பல் தந்தியடித்தது.

"கேட்டுச்சான்னு வேணா மறுபடி ஒரு தடவை வாசிங்களேன்," என்றாள் வால்புர்கா, அவனைச் சீக்கிரம் கிளப்புவதற்காக. நிக்கல் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி வாசித்தான். பிறகு குறிப்பேட்டில் எழுதினான்: 'பதில் சொல்லவில்லை. மிரட்டப்பட்டதற்கான அறிகுறி முகத்தில் இல்லை.' போகும்போது ஆவணம் என்று தோல்பையையும் எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் அழைப்புக்கும் பிரதிவாதி வராததால், அவர் வருவதற்கு இருக்கும் தடைகளை நீக்கித் தருவது அரசின் கடமை என்று மன்றம் தீர்மானித்தது. அதாவது, வால்புர்கா கொண்டுவர வேண்டும்.

அவளும் யோஸ்டும் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துப் போனார்கள். சந்தையில் ஆட்கள் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்கள். மன்றக் கூடத்தில் நாற்காலி தயாராக இருந்தது, ஆனால் விறைத்துப்போன மனிதர் உட்கார மறுத்தார். ஆகவே அவரைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினார்கள். அவர் தலைக்கு மேலே, தங்கச் சட்டத்துக்குள், மன்றத்துக்கு மூலகாரணமான அந்தப் பேராசிரியரின் படம் தொங்கியது. உப்பிய கன்னம், சுருள் சுருளாகப் பொய்முடி, கையில் இறகுப் பேனா. ஓவியர் அவரை நேரில் பார்த்ததில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

கவுன்சிலர் எழுந்து நின்றார். பிணத்தைப் பார்த்துத் தலை வணங்கினார்.

"ஐயா! தாங்கள் இங்கே யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. லூத்தர் சபையா, கத்தோலிக்கமா, சீர்திருத்தச் சபையா? எதைச் சொன்னாலும் இந்த மன்றம் மதிக்கும். எதையும் சொல்லாமல் இருப்பதை மட்டும் மன்றத்தால் மதிக்க முடியாது. ஏனென்றால் அதற்குப் படிவம் இல்லை. ஒரு நாட்டில் ஒருவன், ஒரே ஒருவன், படிவத்துக்கு வெளியே நின்றுவிட்டால், மற்றவர்கள் சுதந்திரமாகத்தான் உள்ளே இருக்கிறார்கள் என்று நாம் எப்படி நிரூபிப்பது?"

கூடம் கைதட்டியது. பிரதிவாதி மட்டும் அசையவில்லை. கணப்பின் சூட்டில் அவர் சட்டை நுனியிலிருந்து ஒரு சொட்டு நீர் தரையில் விழுந்தது. இது பதிலா, அவமதிப்பா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில், சிந்திக்கிற மனிதரை அவசரப்படுத்துவது அறிவொளிக்கு அழகல்ல என்று முடிவு செய்து, அவருக்கு இன்னும் இருபத்தொரு நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

"இருபத்தொரு நாளா!" யோஸ்ட் வாசலில் தலையில் அடித்துக்கொண்டான். "காத்து தெக்க திரும்பிருச்சு. இன்னும் நாலு நாளைக்குள்ள பனி உருகிரும். அப்புறம் இவரு இருபத்தொரு நாளெல்லாம் தாங்கமாட்டாரு, வால்புர்கா. என் தொழில்ல இது ஒண்ணுதான் எனக்கு நல்லாத் தெரியும்."

வால்புர்கா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை இழுத்தாள். வீட்டு வாசலில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்கொல்லையில வெச்சிருவோம்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும். ஒரு மனுஷனை எத்தனை நாளுதான் நிக்கவெச்சுக் கேள்வி கேப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை, ஊர் மொத்தமும் ஆராதனையில் இருந்த நேரத்தில், இருவரும் கொட்டகைக்குப் பின்னால் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கிக் குழி வெட்டினார்கள். கோயிலில் பாடுவது தூரத்தில் கேட்டது. அவரை இறக்கிய பிறகு யோஸ்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எதாவது சொல்லணுமே. எந்தச் சபை ஜெபம் சொல்றது?" என்றான்.

வால்புர்காவுக்கும் தெரியவில்லை. குனிந்து, "படுத்துக்குங்க," என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாள் நிம்மதியாகப் போயிற்று. பதினோராம் நாள் எழுத்தர் நிக்கல் தோல்பையிலிருந்த காகிதங்களுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தான். மூன்றாவது காகிதத்தில் நின்றுவிட்டான். தலையைத் தூக்கிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். பிறகு ஓடினான்.

இறந்தவர் பேராசிரியர் பால்தசார் ஓர்லேப். தன் புத்தகத்தின் பேரில் ஹோல்ஸ்ஃபெல்டனில் ஓர் அலுவலகம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, தயவுசெய்து அதை மூடிவிடும்படி பிரபுவை நேரில் கேட்டுக்கொள்ள வந்துகொண்டிருந்தார். அந்த மனுவும் பைக்குள் இருந்தது. அது தொலைந்துபோன ஆவணங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இரண்டு மாதமாக யாருக்கும் வேண்டாதிருந்த மனிதர் இப்போது எல்லாருக்கும் வேண்டியவர் ஆனார். கொட்டகையில் தேடி வந்தவர்களிடம், அவரைக் கொல்லையில் புதைத்துவிட்டதாக வால்புர்கா ஒப்புக்கொண்டாள். சந்தைச் சதுக்கத்தில் நினைவுச்சின்னம் எழுப்பப் பிரபு உத்தரவிட்டார். அதில் அவருடைய கடைசிச் சொற்களைப் பொறிக்க வேண்டும். அந்தச் சொற்களைக் கேட்டவள் வால்புர்கா ஒருத்தி.

முதலில் போதகர் மூஸ்லர் அவள் வீட்டுக்கே வந்தார்.

"கடைசி நேரத்துல ஆண்டவரைக் கூப்பிட்டிருப்பாரே, மகளே? எல்லாரும் கூப்பிடுவாங்க. நீ சரியாக் கேக்காம விட்டிருப்பே. நல்லா நினைச்சுப் பாரு. கோயில்ல முன்வரிசையில ஒரு இடம் காலியாத்தான் கிடக்கு."

அடுத்து கவுன்சிலர் வந்தார். இந்தத் தடவை அவர்தான் நின்றார்.

"சுதந்திரம்னு ஒரு வார்த்தை. போதும். உன்னை நான் வற்புறுத்தவே இல்லை. வற்புறுத்தல் நமக்குப் பிடிக்காது. ஆனா அனுமதியில்லாமப் புதைச்ச குற்றம் ஒண்ணு இருக்கு பாரு, அதுக்கு நூற்புச் சிறை. நீ சுயமா யோசி."

வால்புர்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. நூற்புச் சிறையில் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை கைதிகள் ராட்டை சுற்ற வேண்டும். அங்கே போய்விட்டு இருமாமல் திரும்பியவர்களை அவள் பார்த்ததில்லை.

"ரெண்டையும் சொல்லிரு," என்றான் யோஸ்ட். "முதல்ல சுதந்திரம்னாரு, அப்புறம் ஆண்டவரேன்னாரு. ஆளுக்கு ஒண்ணு. வம்பு முடிஞ்சுது."

"அவரு அப்படிச் சொல்லலியேண்ணே."

"அவரு வந்தா கேக்கப்போறாரு?"

"இத்தனை நாளா அவரை வாயைத் திற, வாயைத் திறன்னு எல்லாரும் பிடுங்கினாங்க. இப்ப திறக்காத வாயில நானும் எதையாவது போட்டுத் திணிக்கணுமா?"

விசாரணை நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. சுயவிருப்பத்தோடு உண்மையே பேசுவேன் என்று இரண்டு காவலர்கள் நடுவில் நின்று அவள் சத்தியம் செய்தாள்.

"குழியை யார் வெட்டினது?" என்று முதலில் கேட்டார்கள்.

கூட்டத்தின் பின்வரிசையில் யோஸ்ட் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தான். அவள் அவனை ஒரு முறை முறைத்தாள். அடி பின்னால் போயிற்று.

"நான்தாங்க. தனியா வெட்டினேன்."

அன்று அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"பேராசிரியர் கடைசியா என்ன சொன்னார்?"

நிக்கல் பேனாவை மையில் தோய்த்தான்.

"'பூனை வெளியில கத்துது, கதவைத் திற'ன்னாருங்க."

நிக்கல் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

"அப்புறம்?"

"திறந்தேன். பூனை வந்துச்சு. திரும்பிப் பாத்தேன், அவரு போயிட்டாரு."

முதலில் சுதாரித்துக்கொண்டவர் போதகர். "ஆகா!" என்று எழுந்தார். "பூனை என்பது ஆன்மா! பரலோகத்தின் கதவருகே நின்று அது கதறுகிறது! எவ்வளவு ஆழமான மனந்திரும்புதல்!"

"மன்னிக்க வேண்டும்," என்றார் கவுன்சிலர். "பூனை யாருக்கும் அடங்காத பிராணி என்பதைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். பூனை என்பது சுதந்திரம். கதவு என்பது நமது மன்றம்!"

"இல்லீங்க ஐயா," என்றாள் வால்புர்கா. "பூனைதான். சாம்பல் கலரு. பக்கத்து வீட்டுது."

அவளை உட்காரச் சொன்னார்கள். அன்று மாலை வரை நடந்த விவாதத்தில் அவளை யாரும் வேறொன்றும் கேட்கவில்லை. முடிவில், இறந்தவரை அவருடைய சம்மதம் பெறாமல் புதைத்த குற்றத்துக்காக அவளுக்கு நாற்பது நாள் நூற்புச் சிறை என்று தீர்ப்பாயிற்று. நினைவுச்சின்னத்தில் பூனையை நீக்கிவிட்டு 'கதவைத் திறவுங்கள்' என்று மட்டும் லத்தீனில் பொறிக்க இரு தரப்பும் இணங்கின. அது எந்தக் கதவு என்று அவரவர் மனத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். ஹோல்ஸ்ஃபெல்டனில் மதச் சமரசம் மலர்ந்த நாள் என்று அன்றைய குறிப்பேட்டில் இருக்கிறது.

அவள் வெளியே வந்தபோது ஏப்ரல் முடிந்துகொண்டிருந்தது. இரண்டு கையிலும் நூல் அறுத்த வடு. தெருவில் நடந்தவள் கொஞ்சம் இருமினாள். சதுக்கத்தில் வெள்ளைக்கல் சின்னம் எழுந்து நின்றது. அடியில் புது மாலைகள். அவள் அதன் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போய், நேரே கொல்லைக்குத்தான் போனாள். பிளம் மரத்தடியில் பெரிய பள்ளம் ஒன்று தோண்டி மூடிக் கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால் புல் முளைத்து, யாரும் தொடாதது போல் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் யோஸ்ட் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். எப்போதும் பிணங்களுக்கு மட்டும்தான் கழற்றுவான்.

"எல்லாரும் வந்தாங்க," என்றான். "போதகர், கவுன்சிலர், ஊதுகுழல்காரங்க. ஓக் மரப் பெட்டி. சின்னத்துக்கு அடியில வைக்கணும், தோண்டி எடுடான்னாங்க. நாத்தத்துக்குப் பயந்து எல்லாரும் மூக்குல துணியோட கொட்டகைக்கு முன்னாலேயே நின்னுட்டாங்க. நான் பிளம் மரத்தடியில தோண்டினேன்."

"அங்கே என்ன இருந்துச்சு?"

"கல்லு. நல்ல கல்லா அஞ்சடி எட்டங்குலத்துக்குப் பாத்து அடுக்கி, ஆணி அடிச்சுக் கொடுத்துட்டேன். ரெண்டு சபை ஜெபமும் படிச்சாங்க. கவுன்சிலர் ஒன்றரை மணி நேரம் பேசினாரு. அழுதுட்டாரு."

வால்புர்கா வேலியைப் பிடித்துக்கொண்டாள். "அடப்பாவி! கண்டுபிடிச்சிருந்தா உன் கழுத்தை எடுத்திருப்பாங்களே. உனக்கென்ன தலையெழுத்து? எதுக்குண்ணே இப்படிப் பண்ணினே?"

யோஸ்ட் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். அவன் காரணம் சொல்லிப் பழகாத மனிதன்.

"முதல்ல அவரு குழிகிட்டதான் போய் நின்னேன்," என்றான். "இப்பத்தான் அசந்து தூங்க ஆரம்பிச்சிருக்காரு. எழுப்ப மனசு வரல."